உழைத்தவருக்கு நிலமா, பிள்ளைகள் எல்லாருக்கும் சமமா?

ஏர்முனை:
பள்ளி முடித்த வருடமே அப்பாவோடு நிலத்தில் இறங்கினேன். இருபத்தாறு வருடமாகிறது. சம்பளம் என்று எதுவும் எடுத்ததில்லை. "எல்லாம் உனக்குத்தானே" என்பார் அப்பா, எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம் அவ்வளவுதான். அக்காவும் தம்பியும் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள். அப்பாவுக்கு உடம்பு தளர்ந்ததும் மூன்று பங்கு என்று பேச்சு எழுந்திருக்கிறது. மூன்றாகப் பிரித்தால் கிணறு ஒருவர் பங்கில் இருக்கும், பாதை இன்னொருவர் பங்கில் போகும். மூன்று துண்டு மண் மிஞ்சும், விவசாயம் மிஞ்சாது. நிலத்தில் நின்றவனுக்குத்தான் நிலம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

மூத்தவள்:
வந்துவிட்டேன். உங்கள் அக்கா இடத்தில் இருப்பவள் நான். என் தம்பியும் இதே வசனத்தைத்தான் பேசுகிறான்.

சம்பளம் வாங்கவில்லை, சரி. குடியிருந்த வீட்டுக்கு வாடகை கொடுத்தீர்களா? நாங்கள் வெளியேறினோம் என்கிறீர்களே, எங்களை யார் இருக்கச் சொன்னார்கள்? தம்பிக்குப் பதினான்கு வயதில் டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தார் அப்பா. அந்தச் சாவி எந்த ஆணியில் தொங்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. உழைக்க விடாமல் வைத்திருந்துவிட்டு, உழைக்காதவளுக்குப் பங்கு எதற்கு என்பது என்ன நியாயம்?

இந்தியாவின் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தை 2005இல் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளையும் பிறப்பாலேயே பங்குதாரர் ஆக்கினார்கள். திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. யார் களை பிடுங்கினார்கள் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. பிள்ளைதானா என்று மட்டும்தான் கேட்டது.

ஏர்முனை:
அது பூர்வீகச் சொத்துக்கு. அப்பா தானாகச் சம்பாதித்து வாங்கியதை உயில் எழுதி யாருக்கு வேண்டுமானாலும் தரலாமே?

மூத்தவள்:
தரலாம். எழுதிவிட்டாரா?

ஏர்முனை:
இல்லை. இந்த வயதில் அவரிடம் போய் எப்படிக் கேட்பது?

தராசு:
இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். வாரிசு வழக்குகளை நிறையப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பொதுவான விடை கிடையாது. நாட்டுக்கு நாடு சட்டம் எதிரெதிர்த் திசையில் போகிறது.

ஏர்முனை, உங்கள் பக்கம் பலமாகத்தான் இருக்கிறது. பிரிட்டனில் ஒருவர் உறவினரின் பண்ணையில் கிட்டத்தட்ட முப்பது வருடம் கூலியில்லாமல் வேலை செய்தார். பண்ணைக்காரர் வாய் திறந்து பேசுகிற ஆளே இல்லை. 1990இல் ஒரு காப்பீட்டு போனஸ் தாளை இவர் கையில் கொடுத்து, "என் சாவு வரிக்கு" என்றார். அப்புறம் செல்லத்தக்க உயில் எதுவும் இல்லாமல் இறந்துபோனார். அந்தத் தாளும் பல வருடத்து ஜாடைப் பேச்சும் சேர்ந்தாலே வாக்குறுதிதான் என்று 2009இல், அப்போது அந்நாட்டின் உச்சபட்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை பண்ணையை இவருக்கே கொடுத்தது. ஒருவர் வாக்கை நம்பி இன்னொருவர் வாழ்க்கையையே செலவழித்த பிறகு, வாக்குக் கொடுத்தவர் பின்வாங்க முடியாது என்பது அங்கே நிற்கிற கோட்பாடு.

ஆனால் முழுசாகக் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். 2022இல் அதே நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு பால்பண்ணை வழக்கு வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் உழைத்த மகன், உயிரோடிருக்கும் பெற்றோர் மீதே வழக்குப் போட்டான். விசாரணை நீதிமன்றம் தொழிலில் பாதியும் நிலத்தின் மதிப்பில் 40 சதவீதமும் உடனே தரச் சொன்னது. பெற்றோர் இறந்த பிறகு வரவேண்டியதை முன்கூட்டியே வாங்கினால் தொகையைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் காலத்துக்குப் பிறகு சேரும்படி எழுதி வைக்கலாம், எதுவென்று பெற்றோரே முடிவு செய்யட்டும் என்று மாற்றியது உச்ச நீதிமன்றம். அதுவும் ஐவரில் மூவர் மட்டும் ஒத்துப்போன தீர்ப்பு. அத்தனை வருட வக்கீல் செலவை யார் சுமந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வரப்போரம்:
ஜெர்மனியின் வடமேற்கு மாநிலங்களில் சட்டமே ஏர்முனை பக்கம். பண்ணை மொத்தமும் ஒரே வாரிசுக்குப் போகும், மற்றவர்களுக்குச் சந்தை விலையை விட மிகக் குறைவாக ஈட்டுத் தொகை. பண்ணை துண்டாகாமல் பிழைப்பது இப்படித்தான். சமபங்கு பேசுகிறவர்கள் அங்கே போய்ப் பேசிப் பார்க்கட்டும்.

மூத்தவள்:
பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிட்டீர்களே! அதே சட்டத்தில், பண்ணையை வாங்கிக்கொண்டவர் 20 வருடத்துக்குள் விற்றால், கூடப் பிறந்தவர்களுக்கு அந்த விலையிலும் பங்கு உண்டு. எனக்கு வேண்டியதும் அதுதான். தம்பி பயிர் செய்கிறவரை நான் ஒரு அடி மண் கேட்க மாட்டேன். நாளைக்குச் சாலை வருகிறது, மனை போடுகிறேன் என்று விற்றுவிட்டு மொத்தப் பணத்தையும் மடியில் கட்டிக்கொண்டால்? அப்போது அது விவசாய நிலம் இல்லை, பணமூட்டை.

ஏர்முனை:
விற்கிற எண்ணம் எனக்கு இல்லை. உங்கள் படிப்புக்கான பணமும் அந்த நிலத்திலிருந்துதானே வந்திருக்கும்? அதைப் பங்கில் கழிக்கலாமா?

தராசு:
எல்லா இடத்திலும் கழிக்க முடியாது. பிரான்ஸில் பெற்றோர் வாழ்நாளில் பிள்ளைகளுக்குக் கொடுத்ததைப் பொதுவாகப் பாகத்தில் சேர்த்துக் கணக்குப் பார்ப்பார்கள். ஆனால் சாப்பாடு, பராமரிப்பு, படிப்பு ஆகியவற்றுக்கான செலவைச் சாதாரணமாகச் சேர்க்க மாட்டார்கள். அங்கே உங்களுக்குப் பொருத்தமான வேறொரு ஏற்பாடு இருக்கிறது. 1939இல் வந்தது. 18 வயதுக்கு மேல் கூலியில்லாமல் பெற்றோரின் பண்ணையில் வேலை செய்த பிள்ளை, பாகம் பிரிப்பதற்கு முன்பே நிலுவைக் கூலியை எடுத்துக்கொள்ளலாம். அதிகபட்சம் 10 வருடத்துக்கு, வருடத்துக்குக் குறைந்தபட்சக் கூலியில் மூன்றில் இரண்டு பங்கு. அதற்குப் பிறகு மிஞ்சுவதில்தான் எல்லாருக்கும் பங்கு. உழைப்பை உழைப்பாகவும் வாரிசுரிமையை வாரிசுரிமையாகவும் தனித்தனியே வைத்த கணக்கு இது. என்னைக் கேட்டால், உங்கள் இருவர் சண்டையும் இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியதால் வந்தது.

வரப்போரம்:
இருபத்தாறு வருடம் உழைத்தவருக்குப் பத்து வருடக் கூலியா? பிச்சை மாதிரி இருக்கிறது.

மூத்தவள்:
குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். இருபத்தாறுக்கும் கொடுங்கள். எழுதி வைத்துக் கொடுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

நாற்றங்கால்:
ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருந்தேன், ஒன்று கேட்கிறேன். ஏர்முனை அண்ணா, உங்களுக்குத் திருமணம் ஆகியிருந்தால், விடியலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறது யார்? கூலி ஆட்கள் வரும்போது கூட நின்றது யார்? நான் ஒரு பண்ணைக்கு மருமகள். பதினேழு வருடம். பாகப் பேச்சு நடந்த அன்றைக்கு எனக்கு டீ போடுகிற வேலைதான் கிடைத்தது. இங்கே இத்தனை சட்டம் பேசினீர்கள், ஒருவர்கூட என்னைப் போன்றவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை.

தராசு:
தப்புதான். நான் சொன்ன பிரெஞ்சு ஏற்பாட்டில் கூடவே கூலியில்லாமல் உழைத்த மருமகன், மருமகளுக்கும் அந்த உரிமை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டேன்.

ஏர்முனை:
நாற்றங்கால், நீங்கள் சொன்னதைப் படித்ததும் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவியின் கணக்கு என் மனதில் இருந்ததே இல்லை.

அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறேன். அக்காவையும் தம்பியையும் கூப்பிட்டிருக்கிறேன், மனைவியும் உட்காருவாள். கூலிக் கணக்கு முதலில், பங்கு பிறகு. மூத்தவள், நீங்கள் சொன்ன 20 வருட விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. பத்து வருடம் போதும்.

மூத்தவள்:
பதினைந்து.