நூலகக் கட்டடம்: அடுத்த தவணையும் கால அட்டவணையும்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

வேலை பாதி முடிந்துவிட்டதாக மேஸ்திரி சொல்கிறார், அடுத்த தவணையை அனுப்பலாமா என்று பொருளாளர் அண்ணன் கேட்டிருந்தார். பாதி என்பதை வைத்து நாம் எதையும் முடிவு செய்ய முடியாது, அண்ணே. கதவு நிலை வைத்தாயிற்றா, சுவர் எத்தனை வரி ஏறியிருக்கிறது, லிண்டலுக்கு, அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே வரும் காங்கிரீட் பட்டைக்கு, கம்பி வந்துவிட்டதா? இவைதான் நமக்குத் தெரிய வேண்டும்.

தோஹாவில் என் வேலையே இதுதான். இங்கே பிரைமவேரா என்ற மென்பொருளில் ஆயிரக்கணக்கான வேலைகளை வரிசைப்படுத்துகிறோம். நம் கட்டடத்துக்கு அவ்வளவு பெரியது வேண்டாம். அதே மாதிரி அட்டவணை போடும் கான்ட்ப்ராஜெக்ட் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நேற்று இரவு உட்கார்ந்து மீதி வேலைகளை அதில் ஏற்றினேன். மொத்தம் 34 வரிகள். ஒவ்வொன்றுக்கும் நான் முக்கியமாகக் கேட்டுக்கொண்டது, இதைத் தொடங்க எதெல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்பதுதான்.

அப்படிக் கோத்துப் பார்த்ததில் நம் தலைவலி ரூஃப் காங்கிரீட் என்று தெரிந்தது. ஹாலின் அகலம் 22 அடி. பீம் 6 மீட்டரைத் தாண்டுவதால், காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி, அதன் அடியில் தாங்கி நிற்கும் முட்டுகளைக் குறைந்தது 21 நாளுக்குப் பிரிக்கக் கூடாது. அதுவரை உள்ளே சீலிங் பூச முடியாது, தரை போட முடியாது. ஆவணிக்குள் காங்கிரீட் போட்டுவிட்டால், மேலே தட்டு ஓடு பதிப்பதும் வெளிப்பூச்சும் ஐப்பசி மழைக்கு முன் முடிந்துவிடும். உள்வேலையை மழையிலும் பார்க்கலாம். ஜன்னல் கதவுக்கு அப்படி அவசரமில்லை. ஆசாரி மூன்று வாரம் தாமதித்தாலும் திறப்பு விழா தள்ளிப்போகாது. ஆகவே இப்போது கையில் இருக்கும் பணம் மரத்துக்குப் போக வேண்டாம், கம்பிக்கும், காங்கிரீட்டைத் தாங்க அடியில் கட்டும் சென்ட்ரிங்குக்கும் போகட்டும்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்தபோது, காங்கிரீட் போட்ட மறுவாரம்தான் எலக்ட்ரீசியன் வந்தார். ஃபேன் பெட்டியும் இல்லை, வயர் போகும் கான்ட்யூட் பைப்பும் இல்லை. சீலிங்கை உளியால் கொத்தி வழி எடுத்தார்கள். அந்த வெட்டு ஓரமாக இன்றும் மழைக்கு ஈரம் இறங்குகிறது, அம்மா கீழே ஒரு குண்டான் வைக்கிறார். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அந்த ஒரு வேலை யார் பட்டியலிலும் இல்லை, அவ்வளவுதான். அதனால் நம் அட்டவணையில் கம்பி கட்டுவதற்கும் காங்கிரீட்டுக்கும் நடுவில் "பைப்பு, ஃபேன் பெட்டி, படம்" என்று தனி வரி போட்டிருக்கிறேன். பைப்பும் பெட்டியும் வைத்தாயிற்று என்று காட்டும் அந்தப் படம் நம் கைக்கு வராமல் காங்கிரீட் வண்டியை வரச் சொல்லக் கூடாது.

அம்மன் கொடை மூன்று நாளையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் விடுமுறையாகக் குறித்துவிட்டேன். அந்த நாட்களில் கொத்தனாரும் வரமாட்டார், சித்தாளும் வரமாட்டார். அதைக் கணக்கில் எடுக்காமல் தேதி சொன்னால் பிறகு மேஸ்திரியைத்தான் குறை சொல்வோம். அது நியாயமில்லை.

மென்பொருளை ஊரில் யாரும் திறக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை சம்பளம் போடும் நேரத்தில் ஒருவர் போய் நான்கு படம் எடுத்து, எத்தனை வரி கட்டினார்கள், எத்தனை மூட்டை சிமெண்ட் மிச்சம் என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் போதும். நான் அன்று இரவே ஏற்றி, புதிய தேதிகளோடு இங்கே அனுப்புகிறேன்.

சரி, இரண்டு விஷயங்கள் தேவை. சனிக்கிழமைகளில் வேலை நடக்கும் இடத்துக்குப் போய்வர ஊரில் இருக்கும் ஒருவர் வேண்டும். அப்புறம், அடுத்த தவணையை லிண்டல் மட்டம் வந்த படத்தைப் பார்த்த பிறகு அனுப்பலாமா என்று சிங்கப்பூர், டெக்சாஸ் அண்ணன்மார் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வந்தால் நல்லது, மேஸ்திரியிடம் நானே பேசிவிடுகிறேன்.