அப்பாவின் மூச்சுத் தடை: வன்னியில் சீபாப் மெஷின் பாவிப்பவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் உறவுகளே. நாங்கள் புதுக்குடியிருப்புப் பக்கம். அப்பாவுக்கு 58 வயது. அவருடைய குறட்டை பக்கத்து வளவுக்கும் கேட்கும். நல்ல நித்திரை என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தோம். போன மாதம் ஒரு இரவு பக்கத்தில் இருந்து பார்த்தேன். குறட்டை சட்டென்று நிற்கிறது, நெஞ்சு மட்டும் ஏறி இறங்குகிறது, மூச்சு இல்லை. இருபது வரை எண்ணினேன். பிறகு திணறி எழும்பி, திரும்பவும் படுத்தார். பகலில் லாண்ட்மாஸ்டர் ஓட்டும்போதே கண் சொருகுகிறது. அதுதான் எனக்குப் பெரிய பயம்.

நித்திரைப் பரிசோதனையில் மணிக்கு 34 தடவை மூச்சுத் தடைப்படுகிறதாம். 30க்கு மேல் போனால் கடுமையானது. தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு வழியை அடைக்கிறது, மாஸ்க் வழியாக வரும் காற்றழுத்தத்தால் அதைத் திறந்து வைக்க சீபாப் (CPAP) மெஷின் வேண்டும் என்றார் டொக்டர்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவில் யாராவது பாவிக்கிறீர்களா? கரண்ட் போனால் பற்றரியில் எத்தனை மணித்தியாலம் ஓடுகிறது? இந்த வெக்கையில் மாஸ்க் போட்டுப் படுக்க உங்கள் வீட்டு ஆட்களை எப்படிப் பழக்கினீர்கள்? அப்பா இப்போதே மாட்டேன் என்கிறார். மாஸ்க், குழாய் பழுதானால் எங்கே வாங்குவது? தெரிந்தவர்கள் தயவு செய்து எழுதுங்கள்.