நாய் கடிப்பது பிறவிக் குணமா, வளர்ப்பா?

கரிசல்காட்டான்:
பிட்புல், ராட்வைலர் உட்பட 23 வகை நாய்களைத் தடை செய்யச் சொல்லி 2024 மார்ச்சில் மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதில் எனக்கும் சந்தோஷம்தான். அதற்காக ‘எல்லாமே வளர்ப்புதான்’ என்று பேசுவதை ஏற்க மாட்டேன். சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்கில் மரபியலாளர் பெல்யாயெவ் 1959இல் தொடங்கிய நரி ஆய்வைப் பாருங்கள். சாந்தமான நரிகளைத் தனியாகவும், பின்னாளில் மூர்க்கமானவற்றைத் தனியாகவும் இணை சேர்த்தார்கள். மூர்க்க நரியின் குட்டியைச் சாந்தத் தாயிடம் பால் குடிக்க விட்டார்கள். கருவையே இடம் மாற்றியும் பார்த்தார்கள். மூர்க்கம் போகவில்லை.

நொய்யல்:
சார், ஒரே குணத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சலித்தெடுத்த நரிகள் அவை. இங்கே விற்கிற ராட்வைலரை யார் அப்படிச் சலிக்கிறார்கள்? 2022இல் வெளியான ஆய்வில் 18,385 நாய்களைப் பார்த்தார்கள். ஒரு நாயின் நடத்தைக்கும் இன்னொன்றின் நடத்தைக்கும் உள்ள வேறுபாட்டில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான். ஒரு நாய் எவ்வளவு சீக்கிரம் சீற்றம் கொள்ளும் என்பதை இனத்தை வைத்து ஏறக்குறையச் சொல்லவே முடியவில்லை.

கரிசல்காட்டான்:
இனம் வேறு, பரம்பரை வேறு. அதே ஆய்வு, பெரும்பாலான குணங்களில் மரபின் பங்கு 25 சதவீதத்துக்கு மேல் என்றும் சொல்கிறது. அதனால்தான் தாயைப் பார்க்காமல் குட்டி வாங்காதீர்கள் என்கிறேன். புது ஆளைக் கண்டதும் வாலை ஒடுக்கிப் பின்வாங்கி, திரும்பினால் கணுக்காலைக் கவ்வ வருகிற தாயா? அந்த ஈற்றையே விட்டுவிடுங்கள்.

நொய்யல்:
தாயைப் பார்ப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் நல்ல தாயின் குட்டியும் கெடுவது எங்கே தெரியுமா? மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14ஆவது வாரம் வரை குட்டி புதியதைப் பயமில்லாமல் ஏற்கும். தடுப்பூசிச் சுற்று முடியவோ 16 வாரம் ஆகும். பார்வோ என்ற வைரஸ் நோய்க்குப் பயந்து அதுவரை வீட்டுக்குள்ளேயே அடைத்தால் அந்தக் காலம் போய்விடும். முதல் ஊசி போட்ட பிறகு, தரையில் இறக்காமல் கையில் தூக்கிக்கொண்டு போங்கள். பைக் சத்தம், ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், ஓடுகிற பிள்ளைகள் எல்லாம் பழகட்டும். பயந்து உடம்பு விறைத்தால் தூரத்தைக் கூட்டுங்கள். 45 நாளில் பிரித்து விற்பது இன்னொரு கொடுமை: எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்த குட்டிகளோடு விளையாடித்தான் கற்கும். எட்டு வாரமாவது தாயோடு இருக்கட்டும்.

வைகைக்கரை:
சோற்றுத் தட்டருகே போனாலே உறுமுகிற நாயை என்ன செய்வது?

நொய்யல்:
அடிக்காதீர்கள். அடித்தால் உறுமல்தான் நிற்கும், பயம் நிற்காது. அப்புறம் எச்சரிக்காமலே கடிக்கும். நாய் விறைக்கிற தூரத்துக்கு ஓரடி முன்பே நின்று, ஒரு கோழித்துண்டை எறிந்துவிட்டுத் திரும்பி வாருங்கள். நீங்கள் வந்தாலே அது நிமிர்ந்து வாலாட்டத் தொடங்கிய பிறகு ஓரடி நெருங்கலாம்.

கரிசல்காட்டான்:
இதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மாதக் குட்டியிலேயே அப்படி விறைத்தால் பழக்குங்கள், ஆனால் அதை இணை சேர்க்காதீர்கள். அமைதியாக இருந்த நாய் ஐந்தாறு வயதில் திடீரென உறுமினால் நம் இருவர் கட்சியும் வேண்டாம். காது, பல், இடுப்பு மூட்டை டாக்டரிடம் காட்டுங்கள்.