எதிர் விளிம்பைக் காட்டுங்க

சில்லறைவேட்டை: மீதிச் சில்லறையில வந்த காசு இது. ஓரம் பிறை மாதிரி கடிபட்டிருக்கு, எடையும் குறையுது. நாணயச்சாலைப் பிழையேதான். சேதம் கீதம்னு யாரும் கிளம்பாதீங்க.

சாணைக்கல்: கிளம்பியாச்சு. எடை குறையுதாம்! அரத்தால ராவினாலும் எடை குறையத்தான் செய்யும். கடிக்கு நேர் எதிரே இருக்கிற விளிம்பு எங்கே? அந்த இடத்துல மட்டும் உங்க கட்டைவிரல் உட்கார்ந்திருக்கு.

தகடு சரியா நகராம, காசுக்கான வில்லையை வெட்டுற பஞ்ச் ஏற்கெனவே வெட்டின ஓட்டை மேல பாதி விழுந்தா இந்தப் பிறை வரும். அந்தக் குறை வில்லை அப்படியே விளிம்பு எழுப்புற மெஷினுக்குப் போகுது. கடி இருக்கிற பக்கம் பிடிமானம் இல்லாததால எதிர்ப்பக்கமும் அழுத்தம் வாங்காது, சப்பையா நிக்கும். காட்டுங்க.

புதுக்காசு: பிழைன்னா எது, சேதம்னா எதுன்னு முதல்ல யாராவது சொல்லிட்டுப் பேசலாமே?

பித்தளைமணி: நாணயச்சாலையில தயாராகும்போதே நேர்ந்தா பிழை, வெளிய வந்தப்புறம் ஆனா சேதம். சாணைக்கல் சார் பாடம் எடுக்க ஆரம்பிச்சாச்சு. கடி சின்னதா இருந்தா எதிர் விளிம்பு ஒழுங்காவே எழும்பி நிக்கும். அதை வச்சுப் போலின்னு முத்திரை குத்த முடியாது.

சாணைக்கல்: சின்னக் கடியா? ஒரு முழு எழுத்தையும் அடுத்ததுல பாதியையும் விழுங்கியிருக்கு! எதிர் விளிம்பு எங்கே?

சில்லறைவேட்டை: இந்தாங்க, கட்டைவிரல் இல்லாத படம். மங்கலாத்தான் இருக்கு. திருப்தியா?

சாணைக்கல்: சுத்துமுத்தும் அதே மங்கல்தான். அதுக்குப் பேரு தேய்மானம். கடி ஓரத்துல பாதி எழுத்து கத்தி போட்ட மாதிரி நிக்குது பாருங்க. உருவத்தை அடிக்கிறதுக்கு முன்னாடியே கடி இருந்திருந்தா உலோகம் அந்தப் பக்கம் வழிஞ்சு எழுத்து இழுபட்டிருக்கும். வெட்டு முகத்துல குறுக்குக் கீறல் வேற. அரத் தடம் எனக்குத் தெரியாதா?

பித்தளைமணி: தெரியாதாவாம்! போன வருஷம் என் காசுல இருந்த டை வெடிப்பை, அதாவது உருவம் அடிக்கிற அச்சு விரிஞ்சதால வந்த கோட்டை, கீறல்னு சொன்னவர்தானே நீங்க? மேடா ஓடினா வெடிப்பு, பள்ளமா ஓடினா கீறல். என் நகத்துக்குத் தெரிஞ்சது உங்க லென்ஸுக்குத் தெரியலை.

சாணைக்கல்: விளக்கைக் கீழ வச்சுப் படம் எடுத்தா மேடும் பள்ளமாத்தான் தெரியும். உங்க 1943 அமெரிக்க சென்ட்டைப் பேசுவோமா? போருக்குச் செம்பு வேணும்னு அந்த வருஷம் எஃகுல அடிச்சாங்க. தவறிப்போய்ச் செம்புல அடிபட்டது ரொம்பச் சொற்பம். உங்களுது காந்தத்துல பசக்குன்னு ஒட்டிக்கிச்சு. வெறும் முலாம்.

பித்தளைமணி: எங்க தாத்தா வச்சிருந்த காசு அது. பெரியவங்களை இழுக்காதீங்க.

சாணைக்கல்: தாத்தாவை யார் இழுத்தா? காந்தம்தான் இழுத்துச்சு.

தேய்ந்ததலை: என் காசுல வருஷம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. அது பிழையா?

சாணைக்கல்: ரெண்டாவது நிழல் படிக்கட்டு மாதிரி சப்பையா இருந்தா, அடிச்ச டை விலகும்போது உரசினது. மதிப்பு கிடையாது. தனி இழை போடுங்க, இங்க எதிர் விளிம்பு பாக்கி இருக்கு.

சில்லறைவேட்டை: விளிம்பு விளிம்புன்னு அதையே பிடிச்சுத் தொங்குறீங்க! கையில வாங்கிப் பார்த்தா வாயடைச்சுப் போவீங்க.

சாணைக்கல்: அனுப்புங்க. கட்டைவிரலை மட்டும் நீங்களே வச்சுக்குங்க.

பித்தளைமணி: வெடிப்பா கீறலான்னு இன்னும் பதில் வரலை.