பெயர் ஒன்று, ஐபி வேறு: ஆபீஸ் நெட்வொர்க்கில் டைனமிக் டிஎன்எஸ் அனுபவங்கள்

முதல் பதிவு

எங்கள் ஹெல்ப்டெஸ்க்கிலிருந்து வந்த புகார் இது. கம்ப்யூட்டர் பெயரைக் கொடுத்தால் வேறு யாருடைய லேப்டாப்போ பதில் சொல்கிறது. கம்ப்யூட்டர்களுக்கு ஐபி வழங்கும் டிஎச்சிபி புது ஐபியைச் சரியாகத்தான் கொடுத்திருக்கிறது, பெயருக்குரிய ஐபியைச் சொல்லும் டிஎன்எஸ்ஸில் மட்டும் பழைய ஐபி அப்படியே நிற்கிறது.

பெயரை டிஎன்எஸ்ஸில் மறுபடி பதிவு செய்யும் 'ஐபிகான்ஃபிக் ரெஜிஸ்டர்டிஎன்எஸ்' கமாண்டைக் கொடுத்துப் பார்த்தோம், அசையவில்லை. நெட்வொர்க் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கில் பார்த்தால் அப்டேட்டுக்கு 'ரெஃப்யூஸ்டு' (மறுப்பு) என்று பதில். நிறைய பேர் இந்த இடத்தில் சர்வர்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அடுத்த பாக்கெட்டுகளையும் பாருங்கள். விண்டோஸ் முதலில் கையெழுத்தில்லாத அப்டேட்டைத்தான் அனுப்பும். கையெழுத்திட்ட அப்டேட்டை மட்டும் ஏற்கும் 'செக்யூர் ஒன்லி' சோன் (டிஎன்எஸ்ஸில் ஒரு டொமைனின் ரெக்கார்டுகள் இருக்கும் பகுதி) அதை மறுக்கும். அதன் பிறகே கெர்பரோஸ் (டொமைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும் முறை) மூலம் டிகீ (TKEY) எனும் சாவிப் பேச்சுவார்த்தை நடந்து, கையெழுத்திட்ட அப்டேட் போகும். முதல் மறுப்பு வழக்கமானது, இரண்டாவதுதான் கவலைப்பட வேண்டியது. எங்களுக்கு இரண்டாவதும் மறுப்பு.

ரெக்கார்டின் செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்ததும் விஷயம் புரிந்தது. ஓனர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எஸ்ஐடி எண் (ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் உள்ள தனி அடையாள எண்). கம்ப்யூட்டரை ரீஇமேஜ் செய்தவர்கள் (விண்டோஸை அழித்து மறுபடி நிறுவியவர்கள்) பழைய கம்ப்யூட்டர் அக்கவுண்டை அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். எஸ்ஐடி மாறிவிட்டதால் பழைய ரெக்கார்டைத் தொட புது அக்கவுண்டுக்கு உரிமை இல்லை. ரெக்கார்டை அழித்து மறுபடி ரெஜிஸ்டர் செய்ததும் சரியானது. அதிலிருந்து ரீஇமேஜின்போது அக்கவுண்டை அழிக்காமல் ரீசெட் செய்யச் சொல்லியிருக்கிறோம்.

வேறு யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

பதில்

எங்களுக்கு ஒரு கிளை அலுவலகத்தில் மட்டும் வந்தது. பெயர் தேடினால் ஐபி கிடைக்கிறது, லாகினும் ஆகிறது, ரெஜிஸ்டர் மட்டும் ஆகவில்லை. ஃபயர்வாலில் 53ஆம் போர்ட்டுக்கு யூடிபி மட்டும் திறந்திருந்தது. நீங்கள் சொன்ன டிகீ பேச்சுவார்த்தை விண்டோஸில் டிசிபியில் போகும். சாதாரணக் கேள்விகளுக்கு யூடிபி போதும் என்பதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. டிசிபி 53ஐத் திறந்தார்கள், முடிந்தது.

இன்னொன்றும் பாருங்கள். கிளையன்டில் இரண்டாவது டிஎன்எஸ்ஸாக கூகுளின் 8.8.8.8 போட்டு வைத்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அப்டேட்டை யாருக்கு அனுப்புவது என்று சோனின் முதன்மை சர்வரைச் சொல்லும் எஸ்ஓஏ ரெக்கார்டைக் கேட்டுத்தான் கிளையன்ட் தெரிந்துகொள்கிறது. உங்கள் உள் சோன் கூகுளுக்கு எப்படித் தெரியும்?

பதில்

எங்கள் தலைவலி விபிஎன். ஒரே ஐபிக்கு நாலைந்து லேப்டாப் பெயர்கள். பழைய ரெக்கார்டுகளைத் தானாக அழிக்கும் ஸ்கேவெஞ்சிங் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் இயல்பான அமைப்பில் நோ-ரெஃப்ரெஷ் (நேரமுத்திரையைப் புதுப்பிக்க முடியாத காலம்) 7 நாள், ரெஃப்ரெஷ் (புதுப்பிக்கக்கூடிய காலம்) 7 நாள்; இரண்டும் முடிந்த பிறகே ரெக்கார்டு அழியும். விபிஎன் ஐபியோ சில மணி நேரத்தில் அடுத்தவர் கைக்குப் போய்விடுகிறது. எப்படி ஈடுகொடுக்கும்?

நோ-ரெஃப்ரெஷ் காலத்தில் ஐபியை மாற்றவே முடியாது என்று எங்கள் குழுவில் சிலர் நினைத்திருந்தார்கள். அப்படியில்லை. அது தடுப்பது நேரமுத்திரையைப் புதுப்பிப்பதை மட்டும்தான், ஐபி மாறினால் அப்டேட் போகும்.

கடைசியில் விபிஎன் முகவரிகளையும் டிஎச்சிபி சர்வரே வழங்கும்படி மாற்றி, ஏ (பெயருக்கு ஐபி), பிடிஆர் (ஐபிக்குப் பெயர்) ரெக்கார்டுகள் இரண்டையும் அதுவே பதிவு செய்து, லீஸ் (ஐபி வழங்கிய காலம்) முடிந்ததும் அழிக்கும்படி வைத்தோம். டிஎச்சிபி சர்வர்கள் இரண்டு இருந்தால் இரண்டுக்கும் ஒரே தனி அக்கவுண்டைக் கொடுங்கள். இல்லையென்றால் ஒன்று போட்ட ரெக்கார்டை மற்றது மாற்ற முடியாமல், முதல் பதிவில் சொன்ன அதே ஓனர் சிக்கல் வரும்.