கார் கம்போனென்ட் ஸ்பீக்கருக்குப் பாசிவ் கிராஸ்ஓவர்: கணக்குப்படி செய்தும் காதைக் குத்துகிறது

அல்சூர்வாசி:

வணக்கம். பெங்களூர் அவுட்டர் ரிங் ரோட்டில்தான் என் பாதி நாள் கழிகிறது, அதனால் காரில் பாட்டு நன்றாகக் கேட்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. முன் கதவில் கீழ், நடு ஓசைக்கு ஆறரை இஞ்ச் மிட்பாஸ், ஏ பில்லரில் (முன் கண்ணாடி ஓரத் தூணில்) மேல் ஓசைக்கு 25 மில்லிமீட்டர் சில்க் டோம் ட்வீட்டர். இரண்டும் 4 ஓம், தனித்தனியாக வாங்கியவை, அதனால் ஓசையைப் பிரித்து இரண்டுக்கும் அனுப்பும் கிராஸ்ஓவர் கூடவே வரவில்லை. ஆம்ப்பில் முன்பக்கத்துக்கு இரண்டு சேனல்தான் ஒதுக்க முடியும். ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் கேட்டதற்கு, ட்வீட்டர் ஒயரில் ஒரு கெப்பாசிட்டர் போட்டால் போதும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, நானே செய்தேன்.

அலைவரிசை இரட்டிக்கும்போதெல்லாம் 12 டெசிபல் சரிவு, பட்டர்வொர்த் என்ற வடிவம், வெட்டும் இடம் 3 கிலோஹெர்ட்ஸ். 0.1125ஐ 4 ஆலும் 3000 ஆலும் வகுத்தால் கெப்பாசிட்டர் 9.4 மைக்ரோஃபாரட். 0.2251ஐ 4 ஆல் பெருக்கி 3000 ஆல் வகுத்தால் காயில் 0.3 மில்லிஹென்றி. மிட், ட்வீட்டர் இரண்டுக்கும் இதே மதிப்புகள். ட்வீட்டரை பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஜானகியம்மா பாட்டில் ‘ஸ’, ‘ச’ வரும் இடமெல்லாம் காதில் குத்துகிறது, நாதஸ்வரம் வந்தால் சத்தத்தைக் குறைக்கத் தோன்றுகிறது. எங்கே இடிக்கிறது?

கம்பிச்சுருள்:

உங்கள் கணக்கு சரிதான் தம்பி. ஆனால் அந்தச் சூத்திரம் ஸ்பீக்கரை ஒரு 4 ஓம் ரெசிஸ்டர் என்று நினைத்துக்கொள்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் 4 ஓம் ஒரு பேச்சுக்குத்தான். மீட்டரில் டிசி ரெசிஸ்டன்ஸ் பார்த்தால் 3.4 பக்கம் காட்டும், அலைவரிசை ஏற ஏற வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸும் (மாறும் மின்சாரத்தைத் தடுக்கும் குணம்) சேர்ந்துகொள்ளும். 0.3 மில்லிஹென்றி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 3 கிலோஹெர்ட்ஸில் ஆறரை ஓமுக்கு மேல் வந்துவிடுகிறது. அப்புறம் நீங்கள் தொடரில் போட்ட காயில் எப்படி வேலை செய்யும்? நீங்கள் நினைக்கிற 12 டெசிபல் சரிவு அங்கே கிடைக்காது, வெட்ட வேண்டியதை மிட் மேலேயும் பாடிக்கொண்டே இருக்கும், ட்வீட்டரும் அதே இடத்தில் பாடும்.

இதற்கு மிட்டின் முனைகளுக்குக் குறுக்கே, அந்த ஏற்றத்தைச் சமன் செய்யும் ஜோபெல் போடுங்கள், ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் தொடராக. ரெசிஸ்டர், டிசி ரெசிஸ்டன்ஸைப் போல 1.25 மடங்கு, அதாவது 4.2 ஓம் பக்கம். இண்டக்டன்ஸை அந்த ரெசிஸ்டரின் வர்க்கத்தால் வகுத்தால் கெப்பாசிட்டர், இங்கே 17 மைக்ரோஃபாரட் பக்கம் வரும். 15 போட்டால் போதும், இந்த இடத்துக்கு பிளஸ் மைனஸ் இல்லாத நான்-போலார் எலக்ட்ரோலிட்டிக்கே தாராளம்.

0.3 என்பது உதாரணம்தான், உங்கள் மிட்டை அளக்காமல் எதையும் வாங்காதீர்கள். 10 ஓம் 10 வாட்ஸ் ரெசிஸ்டரை ஸ்பீக்கரோடு தொடராகப் போட்டு, போனில் டோன் ஆப்பை ஓடவிட்டு, இரண்டின் மேலும் ஏசி வோல்டேஜ் எடுங்கள். ஸ்பீக்கர் வோல்டேஜை ரெசிஸ்டர் வோல்டேஜால் வகுத்து 10 ஆல் பெருக்கினால் அந்த அலைவரிசையில் இம்பீடன்ஸ், அதாவது ஏசிக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை. சாதாரண மீட்டர் கிலோஹெர்ட்ஸ் கணக்கில் ஏசியைத் தப்பாகத்தான் காட்டும், ஆனால் இரண்டு அளவிலும் ஒரே தப்பு வருவதால் விகிதம் பெரும்பாலும் சரியாகவே வரும். ஏசியில் 2 வோல்ட் ரேஞ்ச் இருக்கிற மீட்டர் வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓசைப்பித்தன்:

ஜோபெல் பற்றி அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அந்தக் குத்தலுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இரண்டாம் படி (12 டெசிபல் சரிவு) பட்டர்வொர்த்தில், ட்வீட்டரைப் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தால், வெட்டும் இடத்தில் இரண்டு ஓசையும் கூடி 3 டெசிபல் மேடு வந்துவிடும், அது அந்த வடிவத்தின் இயல்பு. அதுவும் 3 கிலோஹெர்ட்ஸில், நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கிற இடத்தில். அந்த மேட்டைத் தவிர்க்கத்தான் லிங்க்விட்ஸ், ரைலி என்ற இரண்டு ஹியூலெட் பேக்கார்டு பொறியாளர்கள் பெயரில் வேறு வடிவம் இருக்கிறது, 1976ல் லிங்க்விட்ஸின் கட்டுரையோடு வெளியே தெரிந்தது. அதில் கெப்பாசிட்டருக்கு 0.0796, காயிலுக்கு 0.3183 போட்டுக் கணக்குப் பண்ணுங்கள்.

நானாக இருந்தால் இரண்டையும் ஒரே இடத்தில் வெட்ட மாட்டேன். ஆறரை இஞ்ச் மிட்டின் கோன் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் அகலம், ஓசையின் அலைநீளம் அந்த அளவுக்கு வருவது 2.6 கிலோஹெர்ட்ஸில். அதற்கு மேல் ஓசை நேராக முன்னால் குவிய ஆரம்பிக்கும், உங்கள் கதவு ஸ்பீக்கருக்கு முன்னால் இருப்பதோ உங்கள் முழங்கால். அதனால் மிட்டை 2.5ல் விட்டுவிடுங்கள்: காயில் 0.5 மில்லிஹென்றி, கெப்பாசிட்டர் 8 மைக்ரோஃபாரட். ட்வீட்டரை 3.5ல் ஆரம்பியுங்கள்: கெப்பாசிட்டர் 5.7, காயில் 0.36. ட்வீட்டரின் ரெசொனன்ஸ் (அது தானாக அதிரும் இடம்) 1.5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருந்தால் அதற்கு இரண்டு மடங்குக்கு மேலேயே நிற்பீர்கள், ட்வீட்டருக்கும் பாதுகாப்பு.

போலாரிட்டியை, அதாவது எது பிளஸ் எது மைனஸ் என்பதை, மட்டும் புத்தகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். 3 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 11 சென்டிமீட்டர்தான், காரில் பில்லர் ட்வீட்டருக்கும் கதவு மிட்டுக்கும் உங்கள் காதிலிருந்து தூர வித்தியாசம் முப்பது சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கும். ஆறு சென்டிமீட்டர் நகர்ந்தாலே ஃபேஸ் (அலை ஏறி இறங்கும் நிலை) தலைகீழாகிவிடும். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பிங்க் நாய்ஸை (எல்லா அலைவரிசையும் கலந்த இரைச்சல்) ஓடவிட்டு இரண்டு விதமாகவும் மாற்றிக் கேளுங்கள், குரலுக்கு உடம்பு எதில் வருகிறதோ அதுதான் சரி. வலது பக்கமும் இடது பக்கமும் வேறு வேறு விடை சொன்னாலும் பயப்பட வேண்டாம்.

அதன் பிறகும் ட்வீட்டர் தூக்கலாக இருந்தால் எல் பேட், அதாவது அதன் சத்தத்தைக் குறைக்கும் இரண்டு ரெசிஸ்டர். 3 டெசிபல் குறைக்க, கிராஸ்ஓவருக்கும் ட்வீட்டருக்கும் நடுவில் 1.2 ஓம் தொடராக, ட்வீட்டருக்குக் குறுக்கே 10 ஓம். கிராஸ்ஓவருக்கு அது 4 ஓமாகவே தெரியும்.

ஹெப்பால் டிஎஸ்பி:

எனக்கு இதில் உடன்பாடில்லை. காரில் பாசிவ் செய்கிற உழைப்புக்கு ஓசையை டிஜிட்டலாகப் பிரிக்கும் ஒரு டிஎஸ்பியும் நாலு சேனல் ஆம்ப்பும் வாங்கிவிடலாம். மேலே சொன்ன தூர வித்தியாசத்தை எந்தக் காயிலாலும் சரிசெய்ய முடியாது, டிஎஸ்பியில் ஒரு மில்லி செகண்ட் தாமதம் கொடுத்தால் தீர்ந்தது. அப்படிப் போனால் ட்வீட்டருக்குத் தொடராக 47 மைக்ரோஃபாரட் ஒன்று காவலுக்கு இருக்கட்டும். 4 ஓமுக்கு அது 850 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்டும், ஓசையை அவ்வளவாகத் தொடாது, யாராவது செட்டிங்கைத் தவறாக மாற்றினாலும் ட்வீட்டர் சட்டென்று எரியாது.

கம்பிச்சுருள்:

டிஎஸ்பி நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அவரிடம் இருப்பது இரண்டு சேனல், அவர் கேட்டதும் அதற்குத்தான். பாசிவில் கிடைக்கும் ஓசையை அவ்வளவு குறைவாகப் பேச வேண்டாம், ஒழுங்காக அளந்து செய்தால் குரல் அப்படியே டாஷ்போர்டு மேல் வந்து நிற்கும்.

அல்சூர்வாசி:

இருவருக்கும் நன்றி. எஸ்.பி. ரோட்டில் 8, 5.7 என்று கேட்டால் ஃபிலிம் கெப்பாசிட்டர் கிடைக்குமா? காயில் எங்கே வாங்குவது?

ஓசைப்பித்தன்:

சீலிங் ஃபேன் கெப்பாசிட்டர் வாங்குங்கள். 440 வோல்ட், பாலிப்ரோப்பிலீன், எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். 4 இரண்டைப் பக்க இணைப்பில் (பேரலலில்) சேர்த்தால் 8, 3.15உம் 2.5உம் அப்படியே சேர்த்தால் 5.65, உங்களுக்கு வேண்டியது அதுதான். உருவம் பெரிது, அது ஒன்றுதான் தொந்தரவு.

கம்பிச்சுருள்:

காயிலை நீங்களே சுற்றிக்கொள்ளுங்கள். மோட்டார் ரீவைண்டிங் கடைகளில் எனாமல் காப்பர் கம்பியை எடை போட்டுத் தருவார்கள், 18 கேஜ் கேளுங்கள், மெல்லிய கம்பி வேண்டாம், மிட்டுக்குத் தொடரில் வரும் ரெசிஸ்டன்ஸ் பேஸைத் தின்றுவிடும். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகச் சுற்றி, இண்டக்டன்ஸ் அளக்கும் எல்சிஆர் மீட்டரில் பார்த்துக்கொண்டே சுற்றுகளைக் கழற்றுங்கள். சுற்றின் வர்க்கத்துக்குத்தான் இண்டக்டன்ஸ், அதனால் ஐந்து சதவீதம் கழற்றினால் பத்து சதவீதம் இறங்கும். இரண்டு காயிலையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, தள்ளி வையுங்கள், காரின் இரும்புத் தகட்டோடு ஒட்டி வைத்தால் மதிப்பு மாறிவிடும். கதவுக்குள் வைக்க வேண்டாம், மழையில் கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீர் எல்லாம் அங்கேதான் போகும். டாஷ்போர்டுக்குக் கீழே, கால் பக்கம் இடம் இருக்கும், கேபிள் டேக் போட்டுக் கட்டி, சிலிகானும் தடவி ஆடாமல் வையுங்கள்.

முக்கியமாக ஒன்று. ட்வீட்டரையோ மிட்டையோ கழற்றிவிட்டு ஆம்ப்பை ஓடவிடாதீர்கள். சுமை இல்லாவிட்டால் அந்தக் கெப்பாசிட்டரும் காயிலும் தொடராக ரெசொனன்ஸில் நின்று, வெட்டும் இடத்துக்கு அருகில் ஆம்ப்புக்கு ஷார்ட் மாதிரியே தெரியும். போலாரிட்டி மாற்றிப் பார்க்கிறபோது ஒவ்வொரு முறையும் ஆம்ப்பை அணைத்துவிட்டு ஒயரைத் தொடுங்கள்.