39(பி): எந்தச் சொத்து 'சமுதாயத்தின் வளம்'?

நிலவன் கேட்டது:
சமுதாயத்தின் பொருள் வளங்களைப் பொதுநலத்துக்கு உகந்தபடி பகிர்ந்தளிக்க அரசு முயல வேண்டும் என்று சொல்லும் அரசியல் சாசனப் பிரிவு 39(பி)-யைச் சமத்துவத்துக்காக வைத்திருக்கிறார்கள், சரி. ஆனால் பொருளாதாரக் கொள்கையைச் சாசனத்திலேயே எழுதிவிட்டால் வாக்காளர் தீர்மானிக்க என்ன மிஞ்சும்? அந்தப் பிரிவு பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2024 நவம்பர் 5 தீர்ப்புக்குப் பிறகு தனியார் சொத்தை அரசு எடுத்துப் பகிர்ந்தளிக்க வழி இருக்கிறதா?

கயல்:
உங்கள் முதல் கேள்வி 1948 நவம்பர் 15-லேயே, சாசனத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் வந்துவிட்டது. 'சோசலிச' என்ற சொல்லைச் சாசனத்தில் சேர்க்கச் சொன்னார் சபை உறுப்பினர் கே.டி. ஷா. அம்பேத்கர் மறுத்தார்: சமூகப் பொருளாதார அமைப்பைக் காலத்துக்கேற்ப மக்களே முடிவு செய்யட்டும், சாசனத்தில் கட்டிப்போட்டால் ஜனநாயகமே அழியும் என்றார். அதே பேச்சில், இன்று 39 ஆக இருக்கும் பிரிவை எடுத்துக்காட்டி, திசை ஏற்கெனவே இருக்கிறது என்றும் சொன்னார். திசை சாசனத்தில், பாதை தேர்தலில். பிரிவு 37-இன்படி 39(பி)-யை வைத்து நீதிமன்றத்தில் வழக்காட முடியாததும் அதனால்தான்.

மாறன்:
தீர்ப்பின் வேர் மும்பையின் பழைய வாடகைக் கட்டடங்களில். குடியிருப்போரில் 70% பேர் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து கேட்டால், 100 மாத வாடகையைக் கொடுத்து மும்பையின் கட்டடப் பழுதுபார்ப்பு வாரியம் கட்டடத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றது 1986 சட்டத்திருத்தம். எதிர்த்தவர்கள் சொத்துரிமையாளர்கள்.

9 நீதிபதிகளில் 7 பேருக்காக அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் எழுதியது: எல்லாத் தனியார் சொத்தும் 'சமுதாயத்தின் பொருள் வளம்' ஆகாது, சில ஆகலாம். வளத்தின் தன்மை, பொதுநலத்தில் அதன் தாக்கம், பற்றாக்குறை, சிலர் கையில் குவிந்தால் வரும் விளைவு எல்லாம் பார்க்க வேண்டும். காடும் நீர்நிலையும் ஒருவேளை தேறும். ஒருவர் வீட்டுச் சாமான் தேறாது. என் பார்வையில் நான்காவதுதான் சமத்துவத்தின் உயிர்நாடி, செல்வம் ஓரிடத்தில் குவியக் கூடாது என்று 39(சி) சொல்வதும் அதைத்தான். நீதிபதி நாகரத்னா ஓரளவு உடன்பட்டார், நீதிபதி துலியா உடன்படவில்லை.

கயல்:
நிலவன், 39(பி) நேரடியாக யாருடைய சொத்தையும் எடுக்காது. முதலில் சட்டம் வேண்டும். 39(பி), (சி)-க்காக இயற்றும் சட்டங்களைக் காக்கும் பிரிவு 31சி-யின் பாதுகாப்பு தேவையென்றால், மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத்தலைவர் ஒப்புதலும் வேண்டும்; இதை மறந்தால் பாதுகாப்பே கிடையாது. கிடைத்தாலும் பிரிவு 14 (சமத்துவம்), 19 (சுதந்திரங்கள்) ஆகிய இரண்டின்கீழ் வரும் எதிர்ப்பிலிருந்துதான். அந்தச் சட்டத்துக்கும் 39(பி), (சி)-க்கும் உண்மையில் தொடர்பு உண்டா என்று நீதிமன்றம் பார்க்கும், அரசு சொல்வதே முடிவாகாது. உச்ச நீதிமன்றத்தின் 1973 கேசவானந்த பாரதி வழக்கிலிருந்து அப்படித்தான்.

சொத்துரிமையைக் காக்கும் பிரிவு 300ஏ தனி. அதன்கீழ் முன்னறிவிப்பு, கருத்துக் கேட்பு, காரணம் கூறும் உத்தரவு, நியாயமான இழப்பீடு எல்லாம் தேவை என்று 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் வரிசையாகச் சொல்லிவிட்டது. வழி அடைபடவில்லை, சட்டமியற்றுபவர்கள் இந்தப் படிகள் அனைத்தையும் தாண்டியாக வேண்டும்.